பலா மரத்தில் கட்டிய கயிறு: காவலர் தேர்வு அலுவலர்களுக்குப் பந்தலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

காவலர் தேர்வை நடத்தும் உயர் அலுவலர்களுக்கும், எங்கள் பகுதி மைதானங்களின் சாவியை வைத்திருக்கும் அலுவலர்களுக்கும்,

காவலர் தேர்வுக்கு ஓடிப் பழக மைதானம் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவுக்கு உங்கள் இரு தரப்பிலிருந்தும் பதில் வந்துவிட்டது. தேர்வை நடத்துபவர்கள், மைதானம் தங்கள் பொறுப்பில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மைதானத்தைப் பூட்டி வைத்திருப்பவர்கள், தேர்வு தங்கள் பொறுப்பில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் வட்டத்துப் பிள்ளைகள் ஓடுவதற்கு ஓர் இடம் இல்லாமல் நிற்கிறார்கள். தனித்தனியாக எழுதினால் மறுபடியும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவீர்கள் என்பதால், இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக, ஊரார் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பந்தலூர், சேரம்பாடி, எருமாடு, தேவாலா பக்கத்தில் என்னை இன்னும் பி.டி. வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வுக்குப் பிறகு, காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கட்டணம் வாங்குவதில்லை. கேட்டாலும் கொடுக்க அவர்களிடம் இல்லை.

யார் இந்தப் பிள்ளைகள்? இந்தியாவும் இலங்கையும் 1964இல் கையெழுத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் என்ற பழங்குடிக் குடும்பங்களில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் மகன்கள், மகள்கள். இவர்களில் பலர் காலை எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டு மாலையில் திரும்புகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பது இவர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று சென்னையில் இருந்துகொண்டு உணர்வது கடினம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லைன் வீட்டுக்கு மாதச் சம்பளமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் வருவதற்கு இவர்கள் கண்ணுக்குத் தெரிகிற வழிகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

எழுத்துத் தேர்வைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. தமிழ்த் தகுதித் தேர்வில் 80க்கு 32 எடுக்க வேண்டும். முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் பொது அறிவு 45, உளவியல் 25. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை ஒழுங்காகப் படித்தால் கரையேறிவிடலாம். படிப்பு என்பது விளக்கு இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கும். மின்சாரம் போனால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு படித்த பிள்ளைகள் எங்களிடம் உண்டு. உடல்தகுதியும் உடல்திறனும் அப்படி இல்லை. அவற்றை அறைக்குள் உட்கார்ந்து படிக்க முடியாது. உடல்திறன் போட்டிகளுக்கு 24 மதிப்பெண் வைத்திருக்கிறீர்கள். தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்கான சிறப்பு மதிப்பெண் 6. மொத்தம் 100. எழுத்துத் தேர்வில் பக்கத்துப் பக்கத்து மதிப்பெண் எடுத்த இருவரில் யாருக்குச் சீருடை, யார் வீடு திரும்புவது என்பதை அந்த 24தான் முடிவு செய்கிறது.

இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். 100 மீட்டருக்கு 28 விநாடி என்று கணக்கு. 400 மீட்டர் தடத்தில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. அப்படி மூன்றே முக்கால் சுற்று. இது கடுமையான வேகம் இல்லை. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த எந்த இளைஞனும் எட்டக்கூடியதுதான். ஆனால் அந்த வேகத்தைக் கால் பழகிக்கொள்ள வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காமலேயே, இந்தச் சுற்று மெதுவாகப் போய்விட்டது, அடுத்ததில் கூட்ட வேண்டும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். அதற்கு அளந்து கோடு போட்ட ஒரு தடம் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பள்ளி மைதானத்தின் முழுச் சுற்று 200 மீட்டர்கூட வராது. ஒரு பக்கம் சரிவு. நான்கு மூலையிலும் வளைவு இறுக்கமாக இருப்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் குறைத்து மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஏழரை நிமிடம் எடுப்பவன் உண்மையான தடத்தில் ஏழுக்குள் முடிப்பானா, மாட்டானா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இத்தனை ஆண்டு வாத்தியாராக இருந்த எனக்கே தெரியாததைப் பத்தொன்பது வயதுப் பையன் தேர்வு நாளன்றுதான் தெரிந்துகொள்கிறான்.

குறுகிய ஓட்டங்கள் இன்னும் மோசம். உடல்திறன் போட்டிகளில் எட்டும் அளவைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறீர்கள்; மதிப்பெண் அதை வைத்துத்தான். ஆண்களுக்கு 100 மீட்டரில் ஒரு நட்சத்திரத்துக்கு 15 விநாடி, இரண்டு நட்சத்திரத்துக்கு 13.5 விநாடி. பெண்களுக்கு முறையே 17.5, 15.5. முழுவேகத்தில் ஓட 100 மீட்டர் சமதளம், நின்று தணிய மேலும் இருபது முப்பது மீட்டர். பந்தலூரில் அப்படி ஒரு நேர்கோட்டைக் காட்டுங்கள், நானே கோடு போடுகிறேன். எங்கள் சாலைகளில் நேராக 130 மீட்டர் இருந்தால் அது ஏற்றமாக இருக்கும், அல்லது இறக்கமாக. ஏற்றத்தில் பழகியவனின் அடி குறுகிவிடுகிறது, உடல் முன்னால் சாய்கிறது. இறக்கத்தில் பழகியவன் ஒவ்வோர் அடியிலும் தன்னையறியாமல் பிரேக் போடுகிறான். முன்காலெலும்பில் வலி வந்து இரண்டு வாரம் படுத்துக்கொள்கிறான். சமதளத்தில் காலை நீட்டி வைத்து ஓடுவது தனிக் கலை. அது மலைச் சரிவில் கைவராது.

மனு கொடுக்கப் போனபோது ஓர் அலுவலர் சிரித்துக்கொண்டே சொன்னார்: மலைப் பிள்ளைகளுக்கு மூச்சு பலம் அதிகம், உங்களுக்கு என்ன குறை என்று. நல்ல மனத்தோடுதான் சொன்னார். இந்த நம்பிக்கை பலருக்கும் இருப்பதால் பதில் சொல்லிவிடுகிறேன். 1968இல் ஒலிம்பிக் போட்டி மெக்சிகோ நகரத்தில் நடந்தது. அந்த நகரத்தின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம். காற்று மெலிந்திருந்ததால் அங்கே குறுகிய ஓட்டங்களிலும் தாண்டுதலிலும் சாதனைகள் பிறந்தன. பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டியது அங்கேதான். நெடுந்தூர ஓட்டங்களில் நேரம் கூடியது. உயரத்தின் பாதிப்பு உண்மைதான், ஆனால் அது ஊட்டியின் உயரத்தில். பந்தலூரும் கூடலூரும் ஏறத்தாழ 1,000 மீட்டரில் இருக்கின்றன. அங்கே பிறந்தவனுக்கு நுரையீரலில் தனி வரம் எதுவும் கிடைப்பதில்லை. கிடைப்பதெல்லாம் பனியும் மழையும் அட்டைக்கடியும்தான். மூடுபனியில் ஓடிப் பழகியவனைச் சமவெளி மைதானத்தில் வெயில் ஏறிய பிறகு வரிசையில் நிறுத்தி வைத்து ஓடச் சொன்னால் அவன் பாதியிலேயே சோர்வதில் வியப்பில்லை.

கயிறு ஏறுதலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. இதற்குத் தேவை உயரமான ஒரு சட்டம், உறுதியான ஒரு கயிறு, கீழே விழுந்தால் அடிபடாதபடி மெத்தை அல்லது மணல். எங்கள் பகுதிப் பள்ளிகளில் இவற்றில் ஒன்றும் இல்லை. நாங்கள் கூடலூரில் கயிறு வாங்கினோம். கட்டுவதற்கு இடம் தேடினோம். தேயிலைத் தோட்டம் முழுக்க சில்வர் ஓக் மரம்தான். உயரமாக, நேராக வளர்ந்திருக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அதன் கிளையை நம்பி ஓர் ஆளைத் தொங்கவிட முடியாது, படக்கென்று முறியும். கடைசியில் ஒரு பலா மரம் கிடைத்தது. கெட்டியான கிளை, தேவையான உயரம், நிலத்துக்காரரும் நல்லவர். கீழே மணலுக்குப் பதிலாக மரத்தூளைக் கொட்டினோம், ஏனென்றால் மணல் சமவெளியிலிருந்து மலையேறி வர வேண்டும். அந்த விலை எங்களுக்குக் கட்டாது.

பலா காய்க்கத் தொடங்கியதும் யானைகள் வந்தன. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் எந்தத் தோட்டத்தில் எந்த மரம் என்று யானைக்குத் தெரியும், அதன் வாசனை எங்களுக்கு எட்டும் முன்பே அதற்கு எட்டிவிடும். காலை ஆறு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் வெளியே நடமாட வேண்டாம் என்று வனத்துறையினர் எச்சரிக்கிறார்கள். சரியான எச்சரிக்கைதான், எங்கள் பகுதியில் யானை தாக்கி இறந்தவர்களின் வீடுகளுக்கு நான் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறேன். ஆகவே கயிற்றை அவிழ்த்துவிட்டோம். காலை எட்டுக்கு வேலைக்குப் போய் மாலை ஐந்துக்கு மேல் திரும்பும் ஒரு பெண்ணுக்கு, ஆறிலிருந்து ஆறு வரைதான் வெளியே நடமாடலாம் என்றால் பயிற்சிக்கு மிஞ்சுவது எவ்வளவு நேரம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். அதில் சமையலையும் தண்ணீர் எடுப்பதையும் சேர்த்தே கழியுங்கள்.

இத்தனைக்கும் நடுவில், வேலி போட்டு, விளக்கு வைத்து, யானை வராத ஊர் நடுவில் அரசு கட்டிய ஒரு மைதானம் எங்கள் பகுதியில் இருக்கிறது. பூட்டியிருக்கிறது. முன்பு காலையில் திறந்துவிடுவார்கள். குடித்துவிட்டுப் பாட்டில்களை உடைத்துப் போடுகிறார்கள், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று காரணம் சொல்லிப் பூட்டிவிட்டார்கள். பாட்டில் உடைத்தவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். அந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பல காலை பொறுக்கியவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். குடித்தவர்கள் இப்போது வேறு இடத்தில் குடிக்கிறார்கள். பூட்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான் விழுந்தது. அரசு விழாவுக்குத் திறக்கிறது. பொதுக்கூட்டத்துக்குத் திறக்கிறது. பெரிய பிரமுகர் வருகிறார், ஹெலிகாப்டர் இறங்க வேண்டும் என்றால் ஒரே நாளில் புல் வெட்டி, மேடு பள்ளம் நிரவி, சுண்ணாம்பில் வட்டமும் போட்டுவிடுகிறீர்கள். வட்டம் போடத் தெரிந்த கைகளுக்கு எட்டு ஓட்டக் கோடுகள் போடத் தெரியாதா?

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடுவது எங்கள் பெண்களுக்குச் சிரமமே இல்லை. முதுகில் கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறி இறங்குகிறவர்கள். நீளம் தாண்டுதலில் 3 மீட்டர், 3.75 மீட்டர் என்ற இலக்குகளையும் பழகினால் எட்டிவிடுவார்கள். அவர்களை நிறுத்துவது வேறு. சாலையில் ஓடினால் ஜீப்பில் போகிறவர்கள் கத்திக்கொண்டு போகிறார்கள். டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்று லைன் வீட்டில் பேச்சு எழுகிறது. உடை மாற்ற, ஒதுங்க ஓர் இடம் இல்லை. நல்ல வேலி போட்ட, கழிப்பறை உள்ள மைதானம் திறந்திருந்தால் அவர்களுடைய தாய்மார்களே கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். அப்படி விட்ட காலமும் இருந்தது. பூட்டு விழுந்த பிறகு முதலில் நின்றது பெண்கள்தான்.

அடுத்து, பயணம். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளை உடல்தகுதித் தேர்வுக்குக் கோவைக்கு அழைக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்கிறது அழைப்புக் கடிதம். பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம், ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று ஏறி இறங்கினால் 150 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாளே கிளம்பியாக வேண்டும். அறை எடுக்கக் காசு இருப்பவர்கள் அறை எடுக்கிறார்கள். இல்லாதவர்கள் பேருந்து நிலையத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, கொசுக்கடியில் தூக்கமில்லாமல், வெறும் வயிற்றோடு ஒருவன் 1500 மீட்டர் ஓட வருகிறான். கோவையிலேயே இருப்பவன் வீட்டில் தூங்கி எழுந்து, அப்பாவின் பைக்கில் வந்து இறங்குகிறான். ஓட்டம் ஒன்றுதான், கடிகாரம் ஒன்றுதான். பெண் பிள்ளை என்றால் கூட ஒருவர் வர வேண்டும். வருகிறவருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய்தான். போக்குவரத்து, தங்கல், இழந்த கூலி ஆகியவற்றைச் சேர்த்தால் அதைப்போல் பல மடங்கு.

இதில் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே அதிகம் நனைகிற இடங்களில் தேவாலாவும் பந்தலூரும் அடங்கும். 2019 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நாடே பேசியது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் - மேட்டுப்பாளையம் மலைப்பாதை சரிகிறது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நடந்த நிலச்சரிவுகளை நாங்கள் மறக்கவில்லை. நீங்கள் எழுத்துத் தேர்வு நடத்திய நாள்களைப் பாருங்கள்: 2020இல் டிசம்பர் 13, 2022இல் நவம்பர் 27, 2023இல் டிசம்பர் 10. கொரோனாவால் தள்ளிப்போன உடல்தகுதித் தேர்வு 2021இல் தொடங்கியது ஜூலை இறுதியில். எங்களுடைய இரண்டு மழைக்காலங்களும் உங்கள் நாட்காட்டிக்குள் அடங்கிவிட்டன. வேண்டுமென்று செய்ததில்லை என்று எனக்குத் தெரியும். மாநிலம் முழுவதற்கும் ஒரு தேதி குறிக்கும்போது எங்கள் மலைப்பாதை யார் நினைவுக்கும் வராது, அவ்வளவுதான்.

என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பணியர் இளைஞன் அப்படித்தான் வாய்ப்பை இழந்தான். முதல் நாள் மாலை கிளம்பினான். நடுவட்டத்துக்குக் கீழே மரம் விழுந்து பாதை அடைபட்டது. மரத்தை அறுத்து எடுத்து வண்டிகளை விடும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இரண்டு மணி நேரம் தாமதமாக மைதான வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். பேருந்துச் சீட்டைக் காட்டினான். மரம் விழுந்த படத்தைக் கைபேசியில் காட்டினான். வாசலில் நின்றவர் விதியைச் சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். விதியை மீறி ஒருவனை உள்ளே விட்டால் நாளைக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். குறை, அப்படி ஒரு நாள் வரும் என்று எண்ணிப் பார்க்காத விதியில்தான் இருக்கிறது. அந்தப் பையன் இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் இருக்கிறான். மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு, பார்க்கலாம் சார் என்றான்.

உயரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. பெண்களுக்கு 159, அந்தப் பிரிவுகளின் பெண்களுக்கு 157. இதே தமிழ்நாட்டில் வனக்காப்பாளர் தேர்வில் பழங்குடி ஆண்களுக்கு 152 சென்டிமீட்டர் போதும் என்று வைத்திருக்கிறது அரசு. மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வில் பழங்குடி ஆண்களுக்கு 162.5. துப்பாக்கி தூக்கி எல்லையில் நிற்க 162.5 போதும், தேவாலாவில் ரோந்து போக 167 வேண்டும் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளில் பலர் எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு அளவுக் கம்பத்துக்குக் கீழே நின்று திரும்பி வருகிறார்கள். அவர்களை ஓடவே விடுவதில்லை. இவர்கள் காட்டுக்குள் ஒரு நாளில் நடக்கும் தூரத்தை உங்கள் 170 சென்டிமீட்டர்க்காரர் நடந்து காட்டட்டும், நான் என் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

எல்லாருக்கும் ஒரே விதி, மலைக்கு ஒன்று சமவெளிக்கு ஒன்று என்று வைக்க முடியாது என்பீர்கள். உயரத்தை விட்டுவிட்டால், மற்ற எந்த அளவையும் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. 7 நிமிடம் 7 நிமிடமாகவே இருக்கட்டும். 6 மீட்டர் கயிறு 6 மீட்டராகவே இருக்கட்டும். ஓடிப் பழகத் தடமும், ஏறிப் பழகக் கயிறும், தூங்கி எழுந்து வந்து தேர்வு எழுதுகிற தூரத்தில் மைதானமும் சமவெளிப் பிள்ளைக்கு இருப்பதுபோல எங்கள் பிள்ளைக்கும் இருந்தால் ஒரே விதி என்பதை நானும் ஏற்றுக்கொள்வேன்.

இதில் காவல்துறைக்கும் ஆதாயம் உண்டு. எங்கள் காவல் நிலையங்களுக்குச் சமவெளியிலிருந்து வரும் காவலர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் முதல் மழைக்காலத்திலேயே மாறுதல் மனு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். குளிரும் ஈரமும் அவர்களை வாட்டுகின்றன, பாவம். பணியர் பாட்டி ஒருத்தி புகார் சொல்ல வந்தால் அவள் பேச்சு அவர்களுக்குப் புரிவதில்லை. மலையாளம், கன்னடம், படுகு என்று இந்த எல்லையோரத்தில் காதில் விழுகிற மொழிகள் பல. மண் சரிந்தால் எந்த ஒற்றையடிப் பாதையில் சுற்றிப் போகலாம், யானை நிற்கும் வளைவில் எங்கே வண்டியை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இங்கே பிறந்தவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இவற்றுக்கு மதிப்பெண் கொடுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. இவற்றைத் தெரிந்தவன் உங்கள் வாசல் வரை வந்து சேர வழி விடுங்கள் என்கிறேன்.

இனி என் கோரிக்கைகள். இரு தரப்பும் தமக்குரியதை எடுத்துக்கொள்ளலாம்.

மைதானத்தின் சாவியை வைத்திருப்பவர்களே: பூட்டிய மைதானத்தைக் காலை ஆறு முதல் எட்டு வரையும் மாலை நான்கரை முதல் ஆறரை வரையும் திறந்துவிடுங்கள். மாலை விளக்கைப் போடுங்கள். வருகிறவர்களின் பெயர்ப் பதிவேட்டை நான் வைத்துக்கொள்கிறேன்; பாட்டில் உடைந்தால் என்னைக் கேளுங்கள். இரும்புச் சட்டம் ஒன்று நட்டு, தேர்வில் பயன்படுத்துகிற அதே தடிமனில் ஒரு கயிறு தொங்கவிடுங்கள். தாண்டு குழிக்கு ஒரு லாரி மணல் கொடுங்கள். ஓட்டத் தடத்தை அளந்து கோடு போடுங்கள். பெண்களுக்குக் கழிப்பறையைத் திறந்து தண்ணீர் வரச் செய்யுங்கள். பந்தலூரில் ஒன்று, கூடலூரில் ஒன்று. இரண்டு மைதானம் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு அரசு விழாப் பந்தலின் செலவைத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

தேர்வை நடத்துபவர்களே: நீலகிரி மாவட்டத்து விண்ணப்பதாரர்களுக்கான உடல்தகுதித் தேர்வை இந்த மாவட்டத்துக்குள்ளேயே நடத்துங்கள். ஊட்டியில் நடத்தினால் மெலிந்த காற்றில் 1500 மீட்டர் ஓட்டம் கடினமாகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். எனவே கூடலூரை முதலில் பரிசீலியுங்கள். அதுவரைக்கும் கோவைதான் என்றால், மலை மாவட்டத்தவரை ஒரே நாளில் தனிப் பிரிவாக அழைத்து, வந்து சேரும் நேரத்தைக் காலை எட்டு மணி ஆக்குங்கள். முந்தின இரவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத் தங்க அரசுப் பள்ளிக் கட்டடம் ஏதாவது ஒன்றைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பழங்குடியினருக்கான உயர அளவை, குறைந்தது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்பழங்குடியினருக்காவது, வனக்காப்பாளர் தேர்வின் அளவோடு ஒப்பிட்டு மறுபரிசீலனை செய்ய அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. மலைப்பாதை அடைபட்டதாக மாவட்ட நிர்வாகமோ நெடுஞ்சாலைத் துறையோ உறுதி செய்யும் நாளில், அந்தப் பாதையில் வர வேண்டியிருந்த விண்ணப்பதாரருக்கு அதே தேர்வுச் சுற்றுக்குள் மாற்று நாள் உண்டு என்று ஒரு வரியை அடுத்த அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். எந்தச் சான்று கொண்டுவர வேண்டும், யாரிடம் எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் அழைப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் தமிழில் அச்சிடுங்கள். வாசலில் நிற்கும் காவலருக்கும் அதன் நகலைக் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.